சுவரின் சூடு

எழுந்தான். பல் துலக்கினான். காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். காபியை ஊற்றி வைத்துவிட்டு வடக்குச் சுவரிடம் போய், தோள் உயரத்தில், வைக்கோலுக்குள் கையை நுழைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே நின்றான். திரும்பியபோது காபி ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

மரச்சட்டம் நிறுத்தி, இடையில் வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கிக் கட்டும் வீடு அது. அவனும் மனைவியும் ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். கூரை முழுதாக முடிந்த பிறகே கட்டுகளை அடுக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அவளுக்கு எங்கே பொறுத்தது? வடக்குப் பக்கம் திறந்து கிடக்கும்போதே அந்தச் சுவரை எழுப்பிவிட்டாள். ஒவ்வொரு கட்டையும் முழங்காலால் முட்டி இறுக்கினாள். மறுநாள் காலை ஆணி வாங்கக் கடைக்குப் போனவள் லாரியில் அடிபட்டாள். போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினான். அன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது.

உறவெல்லாம் வந்து போனது. தச்சர் கூரையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் சுவர் சூடாகத் தொடங்கியது. அவன் படுக்கையை அதன் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பது போலிருந்தது. சில சமயம் உள்ளே சரசரவென்று யாரோ புரண்டு படுத்தார்கள்.

இன்று மண் பூசும் நாள். மனைவியின் தங்கை வந்ததும் வராததுமாகச் சேற்றில் இறங்கி மிதித்தாள்.

“மாமா, இந்தப் பக்கம் மாடு வருமா?”

“ஏன்?”

“சுவத்தத் தின்னுட்டுப் போயிடுச்சுன்னா? அக்காகிட்ட கேட்டேன். மாட்டுக்கு உன்னவிட அறிவு ஜாஸ்தின்னா.”

அவன் வாயோரம் லேசாக அசைந்தது.

முதல் கை மண்ணை அப்பப் போனவள் நின்றாள். சுவருக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தாள்.

“மாமா, இது சுடுது.”

“தெரியும்.”

“தெரியுமா? நாத்தம் வேற அடிக்குது. இதுமேல பூசினா தூணும் சேந்து மக்கிடும்ல?”

“மக்கும்.”

“அப்புறம்?”

நனைந்த கட்டு உள்ளுக்குள் புளிக்கும், புளித்தால் சூடேறும். எல்லாம் அவனுக்கு அத்துபடி.

“அவ அடுக்கினது,” என்றான்.

அவள் கையிலிருந்த மண்ணை வாளியிலேயே போட்டாள். “அக்கா கேட்டது வீடு மாமா. வைக்கோல் போர் இல்ல.”

ஏணி போட்டு மேல் வரிசைகளை இறக்கினார்கள். அவை காய்ந்திருந்தன. தண்ணீர் கீழே இறங்கித் தங்கியிருந்த கட்டின் கயிற்றை அவனே அறுத்தான். நடுவில் கறுத்திருந்தது. ஆவி எழுந்தது, மூச்சு விட்டதுபோல ஒரே ஒரு தடவை. கையை உள்ளே வைத்தான். ஆறும்வரை எடுக்கவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

“கடைசியா அக்கா ‘உடம்பப் பாத்துக்கோ’ன்னு சொன்னதா நீங்க சொன்னீங்களாமே. அம்மா சொல்லிச் சொல்லி அழறாங்க.”

“ம்.”

அவள் கறுத்த வைக்கோலை வாரிக்கொண்டு வெளியே போனாள். சுவர் இருந்த இடைவெளி வழியாக வாசல் தெரிந்தது. அங்கேதான் அன்று காலை மனைவி வண்டியை உதைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி சொன்னாள்:

“மழ வர்ற மாதிரி இருக்கு, சுவத்துமேல தார்ப்பாயப் போட்டுடு. ஆமா, ஆணி எந்த சைஸுன்னு சொன்ன?”