ஷிப்ட் பார்க்கும் அலமாரிகள்

மத்திகிரியில் பவுலினாவின் சமையலறை அலமாரிகள் ஷிப்ட் பார்த்துத்தான் திறக்கும். மேடைக்குக் கீழே இருக்கும் மளிகை அலமாரி காலை ஆறிலிருந்து இரண்டு வரை. மேலே இருக்கும் தட்டு அலமாரி இரண்டிலிருந்து பத்து வரை. ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் விடுமுறை. அன்று பவுலினாவும் அவள் புருஷன் பென்சனும் பூசை முடிந்து வரும்போதே பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்துவிடுவார்கள்.

எல்லாம் பென்சனின் வீம்பால் வந்தது. ஆசாரி கங்கப்பனை வைத்துத் தன் உயரத்துக்கு அளந்து செய்யலாம் என்றுதான் பவுலினா சொன்னாள். அவளுக்கு முதல் ஷிப்ட்; விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவள். எல்லாம் கைக்கெட்டினால் இன்னும் கொஞ்சம் தூங்கலாமே என்பது ஒன்றுதான் அவள் ஆசை. இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பென்சனோ வெயில் மூஞ்சியில் அடிக்கும்வரை குறட்டை விடுவான். "ஆசாரி அறுத்து எப்ப முடிக்கறது? பெட்டியில பலகையா வர்றத வாங்கி நானே மாட்டறேன். லைன்ல தெனமும் அதத்தான பண்றேன்?" என்று பெட்டிகளை இறக்கிவிட்டான்.

வேலையையும் கம்பெனி வழக்கப்படியே செய்தான். கீழ் அலமாரியை மாட்டி முடித்தான். இரண்டு மணிச் சங்கு ஊதியதும் கையை நிறுத்தினான்; தாமதமாக வர அன்று அனுமதி வாங்கியிருந்ததால், முதல் ஷிப்ட் முடித்து வந்த நண்பன் மெல்வினிடம் ஸ்குரூ டிரைவரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான். மேல் அலமாரி மெல்வின் மாட்டியது. மறுநாளிலிருந்து அலமாரிகளும் ஷிப்டைப் பிடித்துக்கொண்டன. விடியலில் பவுலினா இழுத்தாள், உதைத்தாள், மாதாவை வேண்டினாள், அரிசி கிடைக்கவில்லை. வெளியே எடுத்து வைத்த டப்பாக்கள்கூடச் சங்கு ஊதியதும் தாமாகவே உள்ளே போய்விட்டன. கேன்டீன் உப்புமாவில் நாளை ஓட்டியவள் ஆத்திரத்தோடு கங்கப்பனுக்குப் போன் போட்டாள். ஆடி கழியட்டும் என்றார் அவர்.

அந்த ஆடி முழுக்க, மளிகை அலமாரி திறக்கிற நேரத்தில் வீட்டில் இருந்த ஒரே ஆள் பென்சன். முதலில் பன் தின்றான். பிறகு சோறு பொங்கினான். கடைசியில் வேறு வழியில்லாமல் குழம்பும் வைத்து, தட்டு அலமாரி திறக்காததால் சட்டியிலேயே பிசைந்து தின்றுவிட்டு, மீதியை மூடி வைத்துவிட்டுப் போனான். பஸ் ஹாரன் கேட்கும்வரை பவுலினா தூங்கினாள்.

ஆவணியில் ஒரு பிற்பகல், கங்கப்பன் அளவு டேப்போடு வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள் பவுலினா. "வேணாங்ண்ணா. இதே பழகிப்போச்சு" என்றாள். எதிர்வீட்டு வெங்கடம்மாள் ஓடி வந்து, இதே மாதிரி தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று அவரை மடக்கினாள்.

"அளந்து செஞ்சா எப்பவும் தெறக்குமேம்மா" என்று கங்கப்பன் தலையைச் சொறிந்தார்.

பவுலினா உள்ளே போய்த் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.