மான் திரும்பி நின்றால்

கேம் வெளிவர இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் தானாக வேலையை விட்டுப் போகிறவன் பெயர், ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடுகிற பட்டியலில் வராது. கம்பெனியே வெளியே அனுப்பினால் மட்டும் போட்டாக வேண்டும். ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து. வடிவமைப்பாளனுக்கு அது மனப்பாடம். ‘உருவாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே தன் பெயர்; நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அவன் கேட்டது அவ்வளவுதான்.

கற்கால வேட்டை கேம் அது. ஒரே ஈட்டியில் மான் சுருண்டு விழுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. மான் மனிதனைவிட வேகம்தான். ஆனால் பாய்ந்து ஓடும்போது மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. மனிதன் வியர்த்துக்கொண்டே நடப்பான். அதை வைத்து விதிகள் எழுதியிருந்தான். முதலில் கூட்டத்திலிருந்து பிரி. உச்சிவெயிலில் துரத்து. ஓடாதே, நட. அது நிழலில் ஒதுங்கினால் முகத்தைக் காட்டு, போதும்.

முதலாளி அவன் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். அந்த விதிகளை வரி விடாமல் படித்தவர். சோதனை ஆட்டத்தில் முந்நூறு மான்களைச் சாய்த்தவர்.

“மாப்ளைக்குத் தனி ரூம் இல்லாம எப்படி?” என்று போன மாதம் அவர்தான் மொட்டைமாடி அறையைக் கொடுத்தார். தகரக் கூரை, ஓடாத ஏசி. வடிவமைப்பாளன் பூரித்துப்போய் மூட்டை முடிச்சோடு ஏறினான். கீழே எட்டுப் பேரோடு அரட்டையடித்து டீ குடிப்பது அன்றோடு நின்றது.

பிறகு முதலாளி வர ஆரம்பித்தார். தகரம் பழுக்கிற பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவார்.

“மாப்ள, மானோட காது கொஞ்சம் சின்னதா இருக்கோ?”

மாற்றுவான். முக்கால் மணி கழித்துக் கதவில் மறுபடி அந்த முகம்.

“பழைய காதே தேவலாம் மாப்ள. அவசரமில்ல. இன்னிக்குள்ள போதும்.”

குரலை உயர்த்தியதே கிடையாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வருவார். கழிவறைக்குள் போனால் வெளியே செருப்புச் சத்தம் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் வைத்துக்கொண்டால் வாசலில் நிற்பார். “தங்கச்சியப் பாக்க வந்தேன். அப்படியே அந்தப் புழுதியோட கலர்…”

மனைவியிடம் சொல்லிப் பார்த்தான்.

“அண்ணன் ஒரு வார்த்தை திட்டினாரா?”

“இல்ல.”

“அப்புறம் என்னதான் உங்களுக்கு? வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

வெளியீட்டுக்கு எட்டு நாள் இருந்தபோது, விசைப்பலகைமேல் கிடந்த கை யாருடையதோ போலிருந்தது அவனுக்கு. கதவில் முகம்.

“அந்தக் காது…”

வடிவமைப்பாளன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இனி ஒதுங்குவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது.

“என்னதான் வேணும் மச்சான்? நான் போகணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க.”

முதலாளி அதை மட்டும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார். ராஜினாமாக் கடிதம். அன்றைய தேதியே போட்டிருந்தது.

“இன்னிக்குன்னு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க. மான் திரும்பி நின்னு மொறைச்சா அது வீரமில்ல, கால் ஓஞ்சுபோச்சுன்னு அர்த்தம். காலையில மாடிப்படியில ரெண்டு தடவ நின்னீங்க மாப்ள. அப்பவே தேதி போட்டுட்டேன்.”

இன்னும் எட்டே நாள், பல்லைக் கடித்துக்கொள் என்றது புத்தி.

“வேண்டாம்னா கிழிச்சுப் போடுங்க. நாளைக்குக் காதப் பத்திப் பேசுவோம். இல்ல, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

தூங்குங்க என்ற சொல்தான் அவனைச் சாய்த்தது. கையெழுத்துப் போட்டான். பேனாவும் முதலாளியுடையதுதான்.

“தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்களாத்தானே போறீங்க? ‘உருவாக்கம்’ல காலியா இருக்குமேன்னு கவலப்படாதீங்க. என் பேரப் போட்டுக்கிறேன்.”

விழுந்த மானின் கழுத்தில் வேடன் ஒரு கணம் உள்ளங்கையை வைத்து நன்றி சொல்கிற அசைவு ஒன்றை வடிவமைப்பாளன் ஆசையாகச் சேர்த்திருந்தான். வீண் வேலை என்று அதை வெட்டச் சொன்னவர் முதலாளிதான். இப்போது அவர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்திருந்தவன் பிடரியில் மெல்லக் கை வைத்தார்.

உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.