கூவாத சேவல்

வண்டிக்குள் இருக்கிற சேவல் மட்டும் கூவிவிடக் கூடாது. பூட்டு அம்மாவின் வீட்டு முன்கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான். வேண்டுதல் எல்லாம் எனக்குப் பழக்கமில்லாத விஷயம். யாரிடம் வேண்டுகிறேன் என்றுகூடத் தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பூட்டு அம்மா என்பது கோழி வளர்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். தெருக்கதவுக்கு ஒரு பூட்டு, கொல்லைக்கதவுக்கு ஒரு பூட்டு, கோழிக் கொட்டகைக்கு ஒரு பூட்டு, சாவிக்கொத்து இடுப்பில். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் பேசினாலே ஊசி போட வரப்போகிறார் என்று தோன்றும். சாம்பல் தாடி என்கிற கோழி இனத்தை வேறு ரத்தம் கலக்காமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நான் பல மாதம் நச்சரித்த பிறகு, ஒரே ஒரு இளஞ்சேவல் தருகிறேன், இன்றைக்கு வாருங்கள், நீங்கள் வராவிட்டால் நாளைக்கு வருகிறவருக்கு என்று சொல்லியிருந்தார்.

எனக்கு அந்தச் சேவல் வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை. வீட்டில் மூன்று பெட்டைகள் நிற்கின்றன. அலகுக்குக் கீழே புசுபுசுவென்று தாடி, காலில் ஐந்து விரல், புகை நிறத்தில் உடம்பு. மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அவற்றோடு இருந்த சேவலும் அதே தாயின் பிள்ளைதான். அதனால் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்தன. போதாக்குறைக்கு அந்தச் சேவலையும் நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டைகளுக்கு வயசு ஏறுகிறது. இந்தப் பருவத்தில் வெளிரத்தத்தில் ஒரு சேவல் கிடைக்காவிட்டால் என் கையோடு முடிந்தது கதை. என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், யார் உத்தரவும் இல்லாமல் நானாக ஆரம்பித்த ஒரே காரியம் அந்தக் கோழிகள்தான். அவற்றின் மேல் எனக்கு உயிர்.

நான் சட்டை தைக்கும் ஆலையில் தரம் பார்க்கிறவள். நாளெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்த வேலையை வீட்டிலும் ஓவர்டைமாகச் செய்கிறாள் என்பது என் கணவரின் நிரந்தரப் புகார். அப்பேர்ப்பட்ட நான் அன்று காலை செய்த வேலையைக் கேளுங்கள்.

என் கொழுந்தனுக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிற வேலை. அவன் வண்டியில்தான் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினான்.

"இவர்கிட்டயும் சாம்பல் தாடி இருக்காம் அண்ணி. எதுக்கும் ஒண்ணு வாங்கிக்கலாம்."

"பூட்டு அம்மா தர்றேன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"அவங்க நம்ம மூஞ்சியப் பாத்துட்டு இல்லன்னுட்டா? வெறுங்கையோட திரும்பறதா?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்த அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிய ஆட்களின் கதையை நானே நிறையக் கேட்டிருக்கிறேன்.

அடுக்கிய டயர்களுக்குப் பின்னால் கூண்டுகள் இருந்தன. கடைக்காரர் ஒரு சேவலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கக்கா."

கண்ணை மூடிக்கொண்டு நான் ஒரு பொத்தானைக்கூட வாங்கியதில்லை. விரல்களை எண்ணினேன். தாடியைப் பிரித்து வேரைப் பார்த்தேன். கால் நிறத்தில் சாயம் இருக்குமோ என்று கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். ஒட்டவில்லை. துப்பட்டாவில் போட்டுச் சிறகை விரித்து, எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அசல் இனம்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"இப்பதான் தண்ணி குடிச்சுது," என்றார் கடைக்காரர்.

இனத்தில் ஏமாற்றுகிறாரா என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஈரம் உறைக்கவில்லை. கூண்டோடு வாங்கி, மேலே சாக்கைப் போட்டு மூடி, வண்டியில் ஏற்றினோம்.

பூட்டு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்கச் சொன்னார். சோப்பைக் கொடுத்து முழங்கை வரை தேய்க்கச் சொன்னார். பிறகு எங்களை உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"இன்னைக்கு வேற எங்கயாவது கோழி இருக்கற எடத்துக்குப் போனீங்களா? வேற கோழி எதையாவது தொட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"இல்லங்கம்மா. வீட்ட விட்டா நேரா இங்கதான்."

அவர் என்னைப் பார்த்தார். என் தலை ஆடியது. நான் ஆட்டினேன் என்று சொல்வதுதான் சரி.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல பொய் சொல்றவங்ககிட்ட நான் அப்புறம் பேச்சே வெச்சுக்கறதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க பெட்டைங்க படம் இருந்தா காட்டுங்க."

போனைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பழைய படங்களின் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்வரை கவலையில்லை. ஒருமுறை விரல் எதிர்ப்பக்கம் போய்விட்டால், டயர்களுக்கு நடுவில் என் மடியில் படுத்திருக்கும் சேவல் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். கொழுந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பல்லிகூட இல்லை.

"நல்லா வளத்திருக்கீங்க," என்றார் அவர். "நடுவுல நிக்கறவ தாடி அழகா இருக்கு."

வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் வானத்தில் பறந்திருப்பேன். அன்றைக்கு அவர் விரல் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொல்லையில் அவர் வீட்டுச் சேவல் ஒன்று கூவியது. நான் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கல்லாகிப் போனேன். வண்டியிலிருந்து சத்தம் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கொல்லையில் இன்னொன்று கூவியது. வண்டியில் சத்தமே இல்லை. கொழுந்தன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், பார்த்தீங்களா நம்ம ஆள் எவ்வளவு சமத்து என்பதுபோல.

மூன்றாவது கூவலுக்கும் பதில் வராதபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சேவல் கூவினால் இன்னொரு சேவலால் சும்மா இருக்க முடியாது. நாய் தூக்கிப்போன என் சேவல் டிவியில் கூவுகிற சேவலுக்கே எழுந்து நின்று பதில் சொல்லும். சாக்கைப் போட்டு மூடினாலும், இருட்டில் அடைத்தாலும், தொண்டைக்குள்ளாவது ஒரு உறுமல் வரும். இத்தனை பக்கத்தில் இத்தனை சேவல்கள் சவால் விட்டும் வாயைத் திறக்காத சேவலுக்கு உடம்பு சரியில்லை. அந்த மூக்கு ஈரம் தண்ணீர் இல்லை. அது சளி. கொட்டகைக்குள் நுழைந்தால் ஒன்று பாக்கியில்லாமல் படுக்கவைக்கிற சளி.

என் துப்பட்டாவைப் பார்த்தேன். அதில் சிறகைப் பரப்பித்தான் நான் ஆராய்ச்சி செய்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். போனை யார் கழுவினார்கள்?

போன் பூட்டு அம்மாவின் கையில் இருந்தது. அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"இருங்க. காலைலயே தனியாப் பிரிச்சு நடையில வெச்சிருக்கேன். கொண்டு வர்றேன்."

அவர் உள்ளே போனதும் கொழுந்தன் குனிந்து கிசுகிசுத்தான்.

"காரியம் முடிஞ்சுது அண்ணி. வாங்கிக்கிட்டுக் கிளம்பிடலாம்."

"அந்தச் சேவலுக்குச் சீக்கு."

"அத வழியில எங்கயாவது விட்டுக்கலாம். இப்ப வாயத் தொறக்காதீங்க."

திறக்காவிட்டால் எனக்குச் சேவல் கிடைக்கும். திறந்தால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது, என் மூன்று பெட்டைகளும் கிழடாகிச் சாகும். மனசு கணக்குப் போட்டது. வெட்கமில்லாமல் போட்டது. அவர் கோழிகளுக்கு ஒன்றும் ஆகாமல் போனாலும் போகலாம், எல்லாம் உன் பயம்தான் என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் எங்களை அனுப்பிவிட்டு அவர் நேராகத் தீனி வைக்கக் கொட்டகைக்குத்தான் போவார். அதே கை, அதே சேலை.

அவர் வந்தார். இளஞ்சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் இத்தனை நாள் கனவில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. தாடி அப்போதுதான் அடர ஆரம்பித்திருந்தது. கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது.

"பிடிங்க," என்று நீட்டினார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குடுக்காதீங்கம்மா. நாங்க பொய் சொல்லிட்டோம்."

"அண்ணி!"

"நீ சும்மா இரு தம்பி." பூட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சேவலின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வர்ற வழியில ஒரு சேவல் வாங்கினோம். மடியில வெச்சுப் பாத்தேன். அதுக்குச் சளி இருக்கு. வண்டிலதான் இருக்கு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையையே உற்றுப் பார்த்தார். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்க போன வாங்கினேன்."

"ஆமாம்மா."

"அதே கையாலதான் இதத் தூக்கினேன்."

அவர் சேவலைக் குனிந்து பார்த்தார். அது அவர் கழுத்துச் சங்கிலியைக் கொத்தி விளையாடிக்கொண்டிருந்தது.

"இத இனி நான் உள்ள சேக்க முடியாது. யாருக்கும் குடுக்கவும் முடியாது," என்றார். கோபத்தைவிடக் களைப்புதான் அந்தக் குரலில் இருந்தது. அதுதான் என்னை அறைந்தது. "எழுந்திரிங்க. எதையும் தொடாமப் போங்க. தெருக்கதவ நான் பூட்டிக்கறேன்."

சேவலோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

வண்டியில் சாக்கை விலக்கினேன். சேவல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; டாக்டர் இது பிழைக்காது என்று தலையை ஆட்டிவிட்டு, வலியில்லாமல் முடிக்கிற ஊசியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வண்டியை மாங்கு மாங்கென்று கழுவினான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டியது நான்தானே.

என் கோழிகளிடம் நான் போகவில்லை. உடுத்தியிருந்த துணியை வெளியிலேயே ஊறவைத்துவிட்டுக் குளித்தேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. கணவரைத் தீனி வைக்கச் சொல்லிவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். "தண்ணிய மாத்துங்க," என்று நான் சொன்ன குரலைக் கேட்டதும் மூன்றும் தீனியை விட்டுவிட்டு வேலிப்பக்கம் ஓடிவந்து என்னைத் தேடின. அன்றிலிருந்து கொல்லைப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டேன். என் கணவருக்கு நான் பேசாமல் இருப்பது புது அனுபவம். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போன் பண்ணிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சில நாள் கழித்து அவரேதான் பண்ணினார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அந்தச் சேவல் போயிருச்சு."

அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல தும்முச்சு. அப்புறம் மூஞ்சி வீங்கிருச்சு. கண்ணு தெரியாமத் தீனியத் தேடுச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல. நானே கொண்டு போயி முடிச்சுட்டு வந்தேன்."

"என்னாலதாம்மா," என்றேன்.

"ஆமா. உங்களாலதான்."

அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்படியே முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். நான் அந்தச் சேவலைத் தொடக்கூட இல்லை. தொடாமலே கொன்றிருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் போனை வைக்கவில்லை. நான் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உள்ள கொட்டகையில இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு," என்றார் பிறகு. "ஒண்ணுகூடத் தும்மல. அன்னைக்கு நீங்க கைய நீட்டி வாங்கியிருந்தா, நான் நேரா தீனி வெக்கப் போயிருப்பேன். மொத்தமும் போயிருக்கும். அது போகாம இருக்கறதும் உங்களாலதான்."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு முட்ட தர்றேன். இந்தச் சீக்கு முட்ட வழியா வராது. அடைய வெச்சுப் பொரிச்சா அதுலயே ஒரு சேவல் வரும். அது பெருசாகற வரைக்கும் உங்க பெட்டைங்க முட்ட விடுமோ விடாதோ, அதுக்கு நான் பொறுப்பில்ல. வாங்கிக்க நீங்க வர வேணாம். கோழியே வளக்காத ஆளா அனுப்புங்க. அந்த வண்டிக்காரத் தம்பி வேணவே வேணாம்."

"சரிம்மா."

"அழுது முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. எப்ப அனுப்பறதுன்னு சொல்றேன்."

அன்றைக்கு என்னால் கூப்பிட முடியவில்லை.