நாற்பத்தொரு கடிதங்கள்

இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசின் சகல பிரசைகளுக்கும், குறிப்பாக எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பாதையோரவாசிகளுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கரும், கோயில் சபையின் முன்னாள் உபதலைவரும், ஒருமுறை ஆளுநரின் வாகனத்துக்கு வழிவிட்டு நின்றவருமாகிய திரு. ஞானரட்ணம் அவர்கள் விரைவில் சமாதான நீதவானாக நியமிக்கப்படவிருக்கிறார். அரசாங்கம் இதை இன்னும் அறிவிக்கவில்லை. அவர் மனைவி சவரியம்மா அறிவித்துவிட்டார்.

பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்ற இரண்டெழுத்து ஏறிவிட்டால் கலியாண வீட்டில் முன்வரிசை, செத்த வீட்டில் அனுதாப உரை. குறுக்கே நின்றது பொலிஸ் அறிக்கை ஒன்றுதான். அதற்காகத்தான் ஞானரட்ணம் செவ்வாய்க்கிழமை காலை வெள்ளை லோங்ஸை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அவருடைய பழைய தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த கான்ஸ்டபிள் விஜேந்திரன் எழுந்து நின்று கதிரை போட்டான். மேசையில் தலையணைத் தடிப்பில் ஒரு கோப்பு இருந்தது.

"எல்லாம் உங்க கடிதந்தாங்க ஐயா. நாப்பத்தொண்ணும் இருக்கு. நான்தான் சிங்களத்துக்கு மாத்தினேன். நல்லா எழுதுறீங்க."

ஞானரட்ணத்துக்கு விளங்கவில்லை. பதினைந்து வருடமாக அவர் எழுதாத அரசாங்கக் கந்தோர் இல்லை. குழி விழுந்த ரோடு, மருந்தில்லாத ஆஸ்பத்திரி, மழை பெய்தால் வராத பஸ் என்று எல்லாவற்றுக்கும் கடிதம் போட்டிருக்கிறார். பொலிஸுக்கு மட்டும் ஒன்றுகூடப் போட்டதில்லை. பதில் எங்கிருந்தும் வந்ததில்லை. அதில் அவருக்குக் கோபமும் இல்லை. ஒரு கடிதம் மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது. கீழ்ப் பிரிவுத் தொழிலாளர் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, பதினான்கு குடும்பங்களை மாற்றுங்கள் என்று எழுதியது. போன நவம்பர் மழையில் மலை இறங்கியது. ஒன்பது பேர். அதில் இரண்டு, அந்த லயத்துப் பிரசாந்தியின் பிள்ளைகள். அடக்கத்தன்று அவள் அழாமல் கேட்டாள்: "எழுதுறேன்னீங்களே ஐயா, எழுதலையா?"

"எழுதினேன் புள்ள. போய்ச் சேரல போல. கெடைச்சிருந்தா விட்டிருப்பாங்களா?"

ஆறுதலுக்குச் சொன்னதல்ல. அவர் அப்படித்தான் நம்பினார். நாட்டுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஓடி வந்திருக்கும் என்ற நினைப்பில்தான் இந்த நான்கு மாதமும் அவருக்குத் தூக்கம் வந்தது.

கடிதங்கள் இங்கே வந்து சேர்ந்த கதையை விஜேந்திரன் சொன்னான். ஒரு கந்தோர் இன்னொன்றுக்குப் பார்வைக்காக அனுப்பியது. அது மற்றொன்றுக்கு உரிய நடவடிக்கைக்காக அனுப்பியது. கடைசியில் உரிய நடவடிக்கை என்னவென்று பொலிஸ் கண்டுபிடித்தது. எழுதியவர் பேரில் ஒரு கோப்புத் திறப்பது.

அறிக்கையில் விண்ணப்பதாரருக்கு நாட்டுப்பற்று உண்டா என்று எழுத வேண்டுமாம். விஜேந்திரன் பேனையை உருட்டினான். "நாட்ட நாப்பத்தொரு தடவ ஏசினவருக்கு எப்படிங்க ஐயா ஆம்னு போடுறது?"

"நாட்டப் பிடிக்காதவன் பாஸ்போட் கியூவுல நிக்கிறான் தம்பி. நான் முத்திரை வாங்கத் தபால் கந்தோர் கியூவுல நிக்கிறேன்."

சொல்லும்போதே, இதைப் பாராட்டு விழாவில் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். விஜேந்திரன் சிரித்தபடி கோப்பைப் புரட்டினான். முப்பத்துமூன்றாவது தாளில் அவர் கை தானாக நீண்டு அவன் விரலைத் தடுத்தது.

அவருடைய கையெழுத்துத்தான். வெடிப்பு ஒரு சாண் அகலம் என்று அளந்து எழுதியிருந்தார். சாய்ந்த தேயிலைச் செடிகளை எண்ணிப் போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் சிங்களக் குறிப்பு: வீண் பீதி. நாட்டின் நற்பெயருக்குப் பங்கம். தொடர்ந்து அவதானிக்கவும். அவதானிக்கச் சொன்னது மலையை அல்ல என்று விளங்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. மேலே, கிடைத்த திகதியின் நீல முத்திரை. தபாலில் போட்டு நாலாம் நாள். மலை இறங்குவதற்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் முந்தி.

பக்கத்து மேசையில் ஒரு பெண் தொலைந்த போனின் உறை என்ன நிறம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

"இதுக்கு ஒரு வழி இருக்குங்க ஐயா," என்று விஜேந்திரன் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினான். "எழுதினத வாபஸ் வாங்குறேன்னு ஒரு வரி போடுங்க. ஸ்டேஷன் பெரியவரு கையெழுத்து வச்சிருவாரு. அடுத்த மாசமே ஜே.பி."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு ரெண்டு விட்டாலும் பரவால்ல."

ஞானரட்ணம் கடைசிக் கடிதத்தைக் காட்டச் சொன்னார். அடக்கம் முடிந்த வாரம் தபால் திணைக்களத்துக்கு எழுதியது. ஒரு கடிதத்தைத் தொலைத்து ஒன்பது உயிரைக் குடித்தீர்களே என்று நாலு பக்கம். முழுவதையும் வாசித்தார். பிறகு தாளை இழுத்து, வழக்கம்போல 'கனம் ஐயா' என்று தொடங்கி, தபால் திணைக்களத்தின் மீது தாம் சுமத்திய குற்றம் பிழையானது, நாற்பத்தோராவது கடிதத்தை மட்டும் வாபஸ் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விஜேந்திரன் இரண்டு தடவை வாசித்தான். "மத்த நாப்பதும்?"

"பிரசாந்திக்கு நான் இப்ப என்ன தம்பி சொல்றது?"

அதை நிரப்ப அறிக்கையில் இடம் இல்லை. விஜேந்திரன் தாளில் திகதி முத்திரையைக் குத்தி, ஓரத்தில் துளையிட்டு, கோப்பில் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்தான்.