லத்திபா பேசாமல் இருந்த இடம்

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கைக்காகப் பிறந்தது. உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. நடக்க, பேச, படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ள மறுத்தால், பெற்றோரோடு கூடவே போய்ப் பேசுவார்கள். அங்கே வேலை பார்க்கும் ராயப்பன்பட்டி ஞானசெல்வி என்னிடம், "படிக்கிறவுக மனசு உருகணும், ஆனா ஒரு பக்கத்துல முடிஞ்சிரணும்" என்று கேட்டுக்கொண்டார். உருக்கினேன்.

'முல்லையாற்றங்கரையில் விடியல் கண்ணீரோடு பிறந்தது. அங்கே லத்திபா என்னும் ஏழைத் தாய்...'

அதற்குமேல் போகவில்லை. லத்திபாவிடமே வாசித்துக் காட்டியது காரணம். பொறுமையாகக் கேட்டவர், தன் வீடு ஆற்றுப்பக்கமே இல்லை என்றார். கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் தன் வீட்டுக்காரர் அலி அக்பர், 'ஏழை' என்ற சொல்லைப் பார்த்தால் சாப்பிட மாட்டார் என்றார். அழுததாகவும் ஞாபகமில்லையாம்.

ஆக, மறுபடியும் முதலிலிருந்து.

2

இந்த வருடம், 2004, கோடை விடுமுறை. லத்திபாவின் மகள் ஷர்மின் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் அவளுக்குக் காலும் நாக்கும் சொன்னபடி கேட்பதில்லை. சுவரைப் பிடித்து நடப்பாள்; படி ஏற முடியாது. பேச்சு இழுத்து இழுத்து வரும். அறிவு மட்டும் இழுக்காது.

அவள் பேசுவது வெளியாட்களுக்குப் புரியாததால், டாக்டரிடமும் கண்டக்டரிடமும் சொந்தக்காரர்களிடமும் லத்திபாதான் மொழிபெயர்ப்பார். கொஞ்சம் சேர்த்தும் கொள்வார். மகள் "போதும்" என்றால், "போதுமாம் மாமி, பிரியாணி ரொம்ப ருசியா இருக்காம்" என்பார். ஷர்மின் முறைப்பாள்.

வீட்டில் லத்திபாவை யாரும் பேசி ஜெயித்ததில்லை. ஆனால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதில் ஓர் ஆள் என்றால் போதும், வாயில் "சரிங்க சார்" தவிர வேறு எதுவும் வராது. பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, தலைமையாசிரியர் ராஜமணி, மதுரையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு என்றே விடுதியோடு பள்ளி இருக்கிறது, அங்கே விடுங்கள் என்றார். "சரிங்க சார்" என்றார் லத்திபா. தெருவுக்கு வந்த பிறகுதான், பெற்ற பிள்ளையை ஊரை விட்டே அனுப்பத் தலையாட்டிவிட்டோம் என்பது உறைத்தது. அன்று ஷர்மின் அம்மாவோடு பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது லத்திபாவுக்கு.

3

பக்கத்து வீட்டு ருக்சானா சொல்லி, லத்திபா உரக்கடை மாடி* ஏறினார். ஞானசெல்வி தன் மகனுக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய அனுபவசாலி. அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது: ஒத்திகை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தலைமையாசிரியராக உட்கார்ந்தார்.

"இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு மத்த பிள்ளைகளுக்கு எப்படிம்மா பாடம் நடத்துறது?"

"சரிங்க சார்" என்றார் லத்திபா.

பிறகு இருவருமே சிரித்தார்கள். மறுபடி, மறுபடி. "இல்லைங்க சார்" என்று சொல்லவே ஒரு நாள் ஆனது. அதற்குப் பிறகு வந்த வேகத்தில், பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது சட்டம் என்று லத்திபா மேசையைத் தட்டிச் சொன்னதைக் கேட்டு, உரக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். வீட்டில் அலி அக்பர் தண்ணீர் கேட்கக்கூட யோசித்தார்.

(* ஆமாம், மாடியில்தான். படி ஏற முடியாத பிள்ளைகளுக்காகப் போராடும் அலுவலகம் ஏன் மாடியில் என்று நானும் கேட்டேன். "கீழ வாடகை கூட. நீங்க கதைய எழுதுங்க" என்றார் ஞானசெல்வி.)

4

இனி தலைமையாசிரியர். என் வரைவில் அவருக்கு முறுக்கிய மீசை இருந்தது. கையில் பிரம்பு...

அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் தங்கமான மனிதர். அதுதான் வினையே.

லத்திபாவும் ஷர்மினும் ஞானசெல்வியும் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். மின்விசிறியைப் போட்டார். டீ வரவழைத்தார். லத்திபா தயார் செய்திருந்த முதல் பதிலைச் சொன்னதும், "நீங்க சொல்றது அத்தனையும் நியாயம்மா" என்றார். ஞானசெல்வி சட்டத்தை எடுத்தார். அருமையான சட்டம் என்று ராஜமணி பாராட்டினார். ஆனால் ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறதே, பிள்ளை விழுந்து வைத்தால் பெற்ற மனசு தாங்குமா என்று கேட்டபோது அவர் குரலே தழுதழுத்தது. மதுரை விடுதியில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோபக்காரருக்கு என்று பழகிய "இல்லைங்க சார்" அத்தனையும் வீணாய்ப் போனது. இவ்வளவு நல்லவரை எதிர்த்து எப்படிப் பேசுவது? "சரிங்க சார்" தொண்டைவரை வந்துவிட்டது என்று லத்திபா பிறகு சொன்னார்.

அப்போது ஷர்மின் என்னவோ சொன்னாள்.

ராஜமணி லத்திபாவைப் பார்த்து, "பாப்பா என்ன சொல்லுது?" என்றார்.

லத்திபாவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. சொல்ல வாயும் திறந்தார். தான் சொன்னால் அது பதமாகத்தான் வரும், 'உங்களுக்குச் சிரமமில்லைன்னா சார்' என்று வால் முளைத்து வரும் என்பது அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"அவகிட்டயே கேளுங்க சார்."

அவர் கேட்டார். ஷர்மின் சொன்னாள். புரியவில்லை. மறுபடி கேட்டார். பிள்ளைக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மேசைக்கு அடியில் ஞானசெல்வி, சொல்லிவிடு என்று லத்திபாவின் கையை அழுத்தினார். மகளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, பிரசவ வலியைவிடப் பெரிதாக இருந்ததாம். இருந்தார்.

ராஜமணி நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஷர்மினுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நான்... மேல... வர வேணாம். கிளாஸ்... கீழ... வரட்டும்."

(இது நான் எழுதிய வசனம் என்று சந்தேகப்படுவீர்கள். நான் எழுதியது நீளமாக இருந்தது; 'உரிமை' என்ற சொல் பல இடங்களில் வந்தது. ஷர்மின் வாசித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.)

ராஜமணிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. கீழே ஏது இடம் என்றார். வரும் வழியில் உடைந்த பெஞ்சுகள் அடைத்த அறையைப் பார்த்தோமே என்றார் ஞானசெல்வி. நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். லத்திபா எழுந்திருக்கவில்லை.

"எப்ப வந்து கேக்கட்டும் சார்?"

திங்கட்கிழமை என்றார். திங்கட்கிழமை லத்திபா போனார். அடுத்த வாரமும் போனார். மூன்றாவது முறை இவர் தலை தெரிந்ததுமே பியூன் டீக்குச் சொல்லிவிட்டாராம். ஜூலையில் பெஞ்சுகள் வெளியேறின, ஆறாம் வகுப்பு பி பிரிவு கீழே இறங்கியது. பக்கத்திலேயே சத்துணவுக் கூடம். பத்து மணிக்கே சாம்பார் வாசனை வந்து வயிற்றைக் கிள்ளுகிறது என்பது மட்டும் பிள்ளைகளின் குறை.

5

முடிவு.

ஆண்டறிக்கைக்கு ஏற்ற முடிவு: 'இன்று ஷர்மின் வகுப்பில் முதல் மாணவி.' பொய். காலாண்டில் கணக்கில் ஃபெயில்.

ராஜமணிக்குப் பிடித்த முடிவு: வகுப்பை இறக்கும் யோசனை ஆரம்பத்திலிருந்தே அவருடையது. (அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும் என்கிறார் லத்திபா.)

எனக்குப் பிடித்த முடிவில் மழை பெய்தது. ஞானசெல்வி அடித்துவிட்டார்.

நடப்பது இதுதான். சமூக அறிவியல் டீச்சர் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார். ஷர்மினிடம் வந்ததும், நேரமாகிவிடும் என்று, பிரியத்தோடு தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். நேற்று சாயங்காலம் இதைக் கேட்டதும் லத்திபா டீச்சரைப் பார்க்கக் கிளம்பப் பர்தாவை எடுத்தார். மகள் தடுத்துவிட்டாள். "நீ வராத. நானே கேக்குறேன்."

எனவே இன்று லத்திபா வீட்டில் இருக்கிறார். இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்போடு.

முடிவை நான் எழுதப் போவதில்லை. வாசகரே, நீங்கள் அந்தக் கீழ் அறைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஷர்மின் கையைத் தூக்கியிருக்கிறாள். டீச்சர் பார்த்துவிட்டார். முதல் எழுத்து வந்துவிட்டது. அடுத்தது வர நேரம் ஆகும். என்ன சொல்ல வருகிறாள் என்று ஊகித்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.