எந்தப் பக்கத்தால் சொந்தம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் போகும்போது கேட்டு எடுத்தேன். கனடாவில், மில்லிக்கன் என்கிற இடத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி யோகராணி அக்காவின் வீடு. மார்க்கம் நகரில் ஒரே அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. காலையில் அவருடைய கார் என் வாசலில் வந்து நிற்கும், நான் ஏறுவேன், ஸ்டீல்ஸ் வீதியில் இருக்கிற சிவப்பு விளக்கு எல்லாவற்றிலும் நின்று நின்று போவோம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. (றோட் ரெஸ்ற்றுக்கு ஒரு தரம் போனேன். பரிசோதகர் பாதி வழியிலேயே இறங்கி... இல்லை, அது வேறு கதை.)

தன்னைப் பற்றி எழுத அக்கா சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: எழுதுகிற ஒவ்வொரு பந்தியையும் காரில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆகவே இந்தக் கதைக்குள் அவருடைய குரல் அடிக்கடி குறுக்கே வரும். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

வெளியே வெண்பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண், ஒளிரும் திரையின் முன்னால், தன் வேர்களைத் தேடி

"வேரோ?" என்றார் அக்கா. "நான் என்ன முருங்கையோ? சும்மா பொழுது போகாமத் தொடங்கினது எண்டு எழுதும், துர்க்கா."

சரி. சும்மா பொழுது போகாமல் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு. அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. தம்பி ராகுலனையும் தங்கைமாரையும் ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுத்து, படிப்பித்து, கலியாணம் செய்துகொடுத்து நிமிர்ந்தபோது, வீட்டில் அவரும் ராகுலன் விட்டுப்போன கொம்பியூட்டரும் மட்டும் மிஞ்சினார்கள். (இந்த இடத்தில் "தனிமை" என்று ஒரு சொல் இருந்தது. அக்கா வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன்.) வெள்ளைக்காரர்கள் தங்கள் பாட்டன் பூட்டன்மாரை எல்லாம் இன்ரநெற்றில் மரம் வரைந்து போட்டிருப்பதை ஒருநாள் பார்த்தார். அதற்கென்று இருந்த ஓர் இலவச இணையத்தளத்தில் தானும் ஒரு பக்கம் தொடங்கினார். அப்பா வழி ஆட்களை மட்டும் போட்டார். அம்மா வழி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மா உயிரோடு இருந்தவரை தன் பக்கத்து ஆட்களைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அந்தத் தளத்துக்கு எங்கள் ஆட்களை விளங்கவில்லை. குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அக்கா தன் பெயரோடு அப்பாவின் பெயரைப் போட்டார். அப்பாவின் பெயரோடு அப்பப்பாவின் பெயரைப் போட்டார். தளம் மூன்று பேரையும் மூன்று வேறு குடும்பங்களில் கொண்டுபோய் இருத்தியது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட ஆட்களைத் திரும்ப ஒன்று சேர்க்கவே அக்காவுக்கு ஒரு பனிக்காலம் போனது. இன்ரநெற்றும் ரெலிபோன் லைனால்தான் வரும்; நடுவில் யாராவது கோல் எடுத்தால் அறுந்துவிடும். எடுத்தவர் ஏச்சு வாங்குவார். பெரும்பாலும் அது நான்தான்.

3

இரண்டாவது தொடக்கம்:

செத்துப்போன கோணேஸ்வரியின் மகன் யோகராணிக்கு எழுதினார்.

இதுதான் சரியான தொடக்கம் என்று இப்போதும் நினைக்கிறேன். எப்படியோ மூன்றாம் பகுதியில் வந்து மாட்டிக்கொண்டது. இருக்கட்டும்.

அக்காவின் பக்கத்துக்கு அடியில், வந்து பார்ப்பவர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போக ஓர் இடம் இருந்தது. கெஸ்ற்புக் என்பார்கள். தமிழ் எழுத்து எல்லோருடைய கொம்பியூட்டரிலும் வராத காலம் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். அதில் ஒருநாள் இப்படிக் கிடந்தது:

"வணக்கம். நீங்கள் காலமானதாகப் போட்டிருக்கும் கோணேஸ்வரி என்னுடைய அம்மா. இப்போது பக்கத்து அறையில் ரிவி பார்த்துக்கொண்டிருக்கிறா. தயவுசெய்து திருத்தவும். தில்லையம்பலம், வெக்ஸ்போர்ட்."

வெக்ஸ்போர்ட் எங்கள் இடத்திலிருந்து காரில் இருபது நிமிடம்தான். கோணேஸ்வரி என்பவர் அப்பாவின் சித்தப்பா சாமித்தம்பியின் மகள். அந்த வீட்டுப் பெயர்களை யாராவது எடுத்தால், "அவை எங்களுக்குச் செத்த ஆக்கள்" என்று அப்பா கதையை முடித்துவிடுவார். சின்ன வயதில் அதைக் கேட்ட அக்கா அப்படியே நம்பிக்கொண்டு வளர்ந்துவிட்டார்.*

* எங்கள் வழக்கம் தெரியாத வாசகருக்கு: இரண்டு வீட்டுக்குள் கோபம் வந்தால் இவர்கள் கலியாணத்துக்கு அவர்கள் போகமாட்டார்கள், அவர்கள் செத்தவீட்டுக்கு இவர்கள் போகமாட்டார்கள். "நன்மை தின்மை இல்லை" என்று சொல்வோம். உயிரோடு இருக்கிற ஆட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிற ஏற்பாடு. அக்கா செய்ததெல்லாம், அந்தக் கணக்கை உலகம் பார்க்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டதுதான்.

4

அன்றைக்கே அக்கா கோணேஸ்வரிக்கு உயிர் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டார். தில்லையம்பலத்திடமிருந்து மறுமொழி வந்தது. தன் பக்கத்துப் பெயர்களைத் தானும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். பிறகு தினமும் வந்தது. காரில் என் காதுக்கு முன்னாலேயே "அந்த வெக்ஸ்போர்ட் ஆள்" "தில்லையம்பலம்" ஆகி, வசந்தம் வந்தபோது வெறும் "அவர்" ஆனார்.

இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். நான் அவரைக் கண்டதில்லை. மீசை வைக்கலாமா?

"ஆள் எப்பிடி அக்கா?"

"ஆள் ஆள்போலதான்."

"வடிவோ?"

"கேட்ட கேள்விக்கு நேர மறுமொழி எழுதுவார். எங்கட ஆக்களில எத்தினை பேர் அப்பிடி?"

கதை எழுதுகிறவளாக இது எனக்குப் போதாது. பெண்ணாகப் போதும். மீசையை விட்டுவிட்டேன்.

மனைவி இறந்து பல வருடமானவர். லக்சிகா என்று பல்கலைக்கழகம் போகும் ஒரு மகள். அக்காவும் அவரும் முதன்முதலாகச் சந்தித்தது வெக்ஸ்போர்ட் பிளாசா ஒன்றில் இருக்கும் டோனற் கடையில். மேசை முழுக்கப் பூட்டன்மாரின் பெயர்களைப் பரப்பி வைத்துக் கதைத்ததில் கோப்பி ஆறிப்போனதாம். கோப்பி ஆறியதை அக்கா அந்தக் கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப, என்ன முறை வருது அக்கா?" என்று நான் சாதாரணமாகக் கேட்டேன்.

பச்சை விளக்கு விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

கணக்கு சுலபமானது. கோணேஸ்வரி அப்பாவுக்குத் தங்கை முறை. ஆகவே அக்காவுக்கு மாமி. மாமியின் மகன் மச்சான். மச்சானைக் கட்டலாம். அக்கா இதில் ஒன்றையும் வாயால் சொல்லவில்லை; கார் நகராததில் இருந்து நான் விளங்கிக்கொண்டேன். அந்தக் கோடைகாலம் முழுவதும் அவர் சந்தோசமாக இருந்தார். நானும்தான்.

5

இனி வருவதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் கதையும் இல்லை.

இலை உதிரத் தொடங்கியபோது அக்கா அம்மா பக்கத்தைத் தொட்டார். அம்மம்மாவின் தாய் தகப்பன் பெயரை எங்கேயோ விசாரித்துத் தங்கை சொன்னாள். அக்கா அதை ரைப் பண்ணப் போனால், அந்த இரண்டு பெயரும் ஏற்கெனவே மரத்தில் இருக்கின்றன. தில்லையம்பலம் போட்டவை. அவருடைய அம்மம்மாவின் தாய் தகப்பன்.

அதாவது, தில்லையம்பலத்தின் அம்மம்மா, சாமித்தம்பியின் மனைவி, அக்காவின் அம்மம்மாவுக்குக் கூடப்பிறந்த தமக்கை. அந்தப் பக்கத்தால் பார்த்தால் கோணேஸ்வரி மாமி இல்லை, பெரியம்மா. பெரியம்மாவின் மகன் அண்ணன்.

"அண்ணை எண்டு வருது" என்றார் அக்கா. ரேடியோவைப் போட்டார். அவர் காரில் ரேடியோ போட்டு நான் கேட்டதில்லை.

அந்தத் தளத்தில் இரண்டு பெயரைக் கொடுத்தால் உறவு சொல்லும் ஒரு வசதி இருந்தது. தில்லையம்பலம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அப்பா பக்கத்தால் கேட்டால் செகண்ட் கசின், அதாவது இரண்டாம் வட்டச் சொந்தம், என்றது. அம்மா பக்கத்தால் கேட்டாலும் செகண்ட் கசின் என்றது. அதற்கு மச்சானும் ஒன்று, அண்ணனும் ஒன்று. பின்னால் நின்று பார்த்த லக்சிகா கத்தினாளாம்.

"அப்பா! ஷீ இஸ் யுவர் கசின்? தற் இஸ் சோ வியர்ட்!"

"அது பிரச்சினை இல்லைப் பிள்ளை. மச்சாள் எண்டாப் பரவாயில்லை. இந்தப் பக்கத்தால தங்கச்சி முறை வருது, அதுதான் பிரச்சினை."

"பட் ரெண்டும் ஒரே டிஸ்ரன்ஸ்! அந்தப் பக்கத்தால வந்தா ஓகே, இந்தப் பக்கத்தால வந்தா நொட் ஓகே? ஹூ மேட் திஸ் அப்?"

கேட்ட கேள்விக்கு நேர மறுமொழி சொல்லும் மனிதரிடம் இதற்கு மறுமொழி இருக்கவில்லை. அதையும் அவர் அப்படியே அக்காவுக்கு எழுதினார். அக்கா பதில் போடவில்லை.

6

இந்த இடத்தில் கதை சில கிழமைகள் நின்றது. நான் சும்மா இருக்கவில்லை. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. யோகராணியும் தில்லையம்பலமும் அண்ணன் தங்கையாக வாழ்கிறார்கள். தீபாவளிக்குத் தீபாவளி அவர் சேலையோடு வருகிறார். லக்சிகா யோகராணியை "மாமி" என்று...

அக்கா வாசிக்க விடவில்லை. "ஆர் உம்மை வேலைக்கு ஏத்திக்கொண்டு போறது எண்ட யோசினையில எழுதினனீர் போல."

அடக் கடவுளே, உண்மைதான். தில்லையம்பலத்தின் சொந்த வீடு வெக்ஸ்போர்ட்டில். அக்கா அங்கே போனால் மில்லிக்கனில் நான் பஸ்சுக்குக் குளிரில் நிற்க வேண்டும். இந்தக் கதையின் முடிவில் ஆசிரியருக்குச் சொந்த நலன் இருக்கிறது. வாசகர் கவனமாக இருக்கவும்.

முடிவு ஆ. கோயில் மண்டபத்தில் மேளம் முழங்க, கூறைச்சேலையில் யோகராணி...

"இந்த வயசில மேளமோ? கிழியும். அடுத்ததை வாசியும்."

முடிவு இ. கதை என்னுடையது, பெயர்களும் என் கையில். அந்த இரண்டு சகோதரிகளையும் வேறு வேறு தாய்க்குப் பிறக்க வைத்தால் என்ன? ஒரு வரியை அழித்தால் முடிந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "என்ர அம்மம்மான்ர தமக்கையை அழிக்கப்போறீரோ? உயிரோட இருந்த ஒரு ஆளை ஒருக்காச் சாக்காட்டினது காணும், போதும்."

மூன்றையும் கிழித்துப் போட்டேன். காரில் திரும்பவும் ரேடியோதான் பாடியது.

7

பிறகு ஒரு சனிக்கிழமை கோணேஸ்வரி ரெலிபோன் எடுத்தார். (நான் இதை எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். இது நடந்தது.) எழுபத்து மூன்று வயது. குரலுக்கு அந்த வயது இல்லை என்றார் அக்கா.

"பிள்ளை, என்னைச் சாகக்குடுத்து வச்சிருந்தனி, சரி. இப்ப உயிரோட இருக்கிறன் எண்டு தெரியுந்தானே? ரெண்டு பேரும் கொம்பியூட்டரிட்டக் கேக்கிறதை என்னட்டக் கேட்டா என்ன?"

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்; கோணேஸ்வரி தன் அப்பா சாமித்தம்பியின் கதையைத் தொடங்கினார்.

"என்ர அப்பு ஏன் உங்களோட நன்மை தின்மை இல்லாம விட்டவர் எண்டு தெரியுமோ? உன்ர கொப்பர் அப்புவுக்குத் தமையன்ர மகன். உன்ர கொம்மா என்ர அம்மான்ர தங்கச்சி மகள். ரெண்டும் என்ர பிள்ளையள் மாதிரி, அண்ணனும் தங்கச்சியும் கட்டுறதோ எண்டு அப்பு துள்ளினார். உன்ர கொப்பர் கேக்கேல்லை."

"அப்ப, அம்மாவும் அப்பாவும்?"

"முறை பாத்தா அண்ணன் தங்கச்சிதான். கொப்பர் எந்தப் பக்கத்தாலயும் பாக்கேல்லை. கொம்மான்ர முகத்தைப் பாத்தார், அவ்வளவுதான். நாலு பிள்ளையளைப் பெத்து நல்லாத்தானே இருந்தவை? அந்தக் கலியாணவீட்டுக்குப் போக எனக்கு எவ்வளவு ஆசை. அப்பு விடேல்லை."

அக்கா சிரித்தாராம். அழுதாராம். எது முதலில் என்று தனக்கே தெரியாது என்றார். அம்மா ஏன் கடைசிவரை தன் பக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. பேசியிருந்தால் யாராவது கணக்குப் பார்த்திருப்பார்கள்.

"அப்ப நாங்கள் எந்தப் பக்கத்தால பாக்கிறது?" என்று கடைசியில் கேட்டிருக்கிறார்.

"நான் ஒரு பக்கமும் சொல்லமாட்டன்" என்றார் கோணேஸ்வரி. "நீ என்னை என்னெண்டு கூப்பிடுறியோ, அதுதான் முறை. யோசிச்சுக் கூப்பிடு."

8

அக்கா யோசிக்கவில்லை. உடனே கூப்பிட்டார்:

"சரி, ............ ஞாயிற்றுக்கிழமை வாறன்."

புள்ளி போட்ட இடத்தில் ஒரே ஒரு சொல்தான் வரும். மாமி, அல்லது பெரியம்மா. எது என்று திங்கட்கிழமை காலை அக்கா என்னிடம் சொன்னார். ரேடியோ நின்றிருந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வாசிக்கிற ஆக்களும் எங்கட சொந்தக்காரர் மாதிரித்தானே. அவையும் கொஞ்சம் இருந்து கதைக்கட்டும்."

ஆகவே அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். இரண்டு பக்கமும் இப்போது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து இவர்கள் இருவருக்கும் என்ன முறை என்று கேட்டால், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை.

என்னிடம் கேட்டுப் பயனில்லை. எனக்கு இந்தக் கிழமை நேரமும் இல்லை. வின்சன்ற் என்கிற ஒரு ட்ரைவிங் மாஸ்டரிடம் கார் ஓடப் பழகத் தொடங்கியிருக்கிறேன். ஸ்டீல்ஸ் வீதியில் இடதுபக்கம் திரும்புவது இன்னும் சரிவரவில்லை. இத்தனை வருடம் அக்காவின் காரில் போய்விட்டு இப்போது என்ன அவசரம் என்று மாஸ்டர் கேட்டார். சிரித்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தேன்.