முப்பத்திரண்டு குழிகள்

எறிக் போய்ச் சேர்ந்தபோது வரதராஜா குளியலறைக் கதவைக் கழற்றி இரண்டு கதிரைகளுக்கு மேல் கிடத்தி, அதன் அடிப்பக்கத்தைச் சீவிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரச்சுருள். அந்தக் குளிர்காலத்தில் அது மூன்றாவது தடவை.

"வா தம்பி. போன மாசமும் சீவினனான், திரும்பவும் தட்டுது. சிலாப் போட்டது நீதானே, உனக்கு விளங்கும் எண்டுதான் கூப்பிட்டனான்."

எறிக் மன்னார்க்காரன். மெல்பேர்னின் மேற்குப் புறநகர்களில் புது வீடுகளுக்குக் கொங்கிறீற் அத்திவாரம் போடுவது பத்து வருடமாக அவனுடைய தொழில். படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே விட்டபோது போக்கிடம் இல்லாமல் நின்றவனை ஆறு மாதம் தன் வாடகை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் வரதராஜா. பஸ் ஓட்டுகிறவர். அவர் மெல்டன் பக்கம் வளவு வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, அதைக் கட்டுகிற பில்டருக்குச் சிலாப் என்கிற அந்த அத்திவாரத் தளத்தைப் போடுகிற ஒப்பந்தக்காரர்களில் எறிக்கும் ஒருவன் என்று தெரியவந்தது. அன்றைக்கு வரதராஜாவுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வீடு அவருடைய மகள் மிருணாளினிக்காகக் கட்டிய வீடு. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால்கள் வழங்காது. வாசலில் இருந்து பின்வளவு வரைக்கும் எங்கேயும் ஒரு படி இல்லாமல், அகலக் கதவுகளோடு, சக்கர நாற்காலியோடேயே குளிக்கப் போகக்கூடிய மாதிரி எல்லாத் தரையும் ஒரே மட்டத்தில். குடிவந்த அன்று, பதினான்கு வயதில், மிருணாளினி வாழ்க்கையில் முதல்தடவையாகத் தனியே கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள். ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை. தாய் கலா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள்.

இப்போது அந்தக் குளியலறை வாசலில் இரண்டு விரல் உயரத்துக்குத் தரை எழும்பி நின்றது. ஓடுகள் குறுக்கே வெடித்திருந்தன. கதவு நிலைக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு, முகடு வரைக்கும். அதன் நுனியில் பென்சிலால் சிறுசிறு கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதி.

"நான்தான் அப்பாவைக் கீறச் சொன்னனான், அங்கிள்," என்றாள் மிருணாளினி. "மார்ச்சில இங்க இருந்தது. ஜூனில இங்க. என்னைவிட வேகமா வளருது."

எறிக் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"இப்ப ஷவருக்கு எப்பிடிப் போறனீங்கள்?"

"அம்மா தூக்குவா. ஐ ஹேட் இற்." அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

எறிக் குந்தி இருந்து தரையில் கையை வைத்தான். வெளியே போய் மூலைகளைப் பார்த்தான். தெருப்பக்க மூலை தாழ்ந்திருந்தது, நடுவீடு ஊதியிருந்தது. அந்தப் பக்கத்துக் களிமண் பொல்லாதது. மழைக்குத் தண்ணீரைக் குடித்து ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதனால்தான் அங்கே சிலாப்பை வெறும் நிலத்தில் போட விடமாட்டார்கள். ஆளுயரத்துக்குக் குழிகள் துளைத்து, ஊதாத கெட்டி மண்ணைத் தொட்டு, அதில் கொங்கிறீற் தூண்களை வார்த்து, அவற்றின் மேல்தான் வீடு நிற்கவேண்டும். வரதராஜாவின் வீட்டுக்கு அப்படி முப்பத்திரண்டு குழிகள். அவற்றுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் எறிக்தான்.

அத்திவாரம் போட்டது ஒரு ஜூலை மாதம். இரண்டு கிழமை விடாத மழை. வேலையில்லாமல் எறிக்கின் ஆட்கள் நாலு பேரும் வீட்டில் இருந்தார்கள். மழை விட்ட காலையில் புல்லெல்லாம் உறைபனி. குழிகளை எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் தண்ணீர். அடியில் சுவர்கள் கரைந்து விழுந்து, சேறு முழங்கால் அளவுக்கு. அப்படியே ஊற்றினால் தூண் கெட்டி மண்ணைத் தொடாது. தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, திரும்பத் துளைத்து, கட்டட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகுதான் கொங்கிறீற் ஊற்றலாம். அதுதான் சட்டம். இரண்டு நாள் வேலை.

பில்டரின் சுப்பவைசர் போனில் இருந்தான். "லொறிகள் வெளிக்கிட்டிட்டுது. இன்ஸ்பெக்டர் இண்டைக்கு வரமாட்டார், படம் அனுப்பினால் போதும். உனக்கு ஏலாதெண்டால் சொல்லு, நாளையில இருந்து வேற ஆளைப் பாக்கிறன்."

எறிக் போனில் தேடினான். போன கிழமை வேறொரு வளவில் எடுத்த படங்கள் இருந்தன. காய்ந்த, துப்புரவான குழிகள். ஆறு படங்களை அனுப்பினான். பத்து நிமிடத்தில் அனுமதி வந்தது.

முதல் லொறி கொட்டத் தொடங்கியபோது வரதராஜா வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ், ஒரு போத்தல் தேத்தண்ணி. விறைத்த கைகளோடு நின்ற ஆட்களுக்குத் தானே ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு குழியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உள்ளுக்குத் தண்ணி நிக்குது போல?"

"அது ஒண்டுமில்லை, அண்ணை. கொங்கிறீற் விழ வெளியில வந்திடும்."

"கலா சொன்னவ, நாங்களும் எங்கட பக்கத்தால ஒரு இன்ஸ்பெக்டரைப் பிடிச்சுக் காட்டுவம் எண்டு. நான்தான் மறிச்சுப்போட்டன். எறிக் நிக்கேக்க வேற ஆள் என்னத்துக்கு எண்டு."

எறிக் கையில் இருந்த ரோல்ஸைத் தின்று முடித்துவிட்டு, லொறிக்காரனுக்கு அடுத்த குழியைக் காட்டினான்.

அந்த நினைவோடுதான் அவன் திரும்ப வீட்டுக்குள் வந்தான். சொல்லிவிட அது ஒரு நல்ல நேரம். கலா குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்தாள். வரதராஜா அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாரிக்கு மண் கொஞ்சம் ஊதியிருக்கும், அண்ணை. வெயில் வர இறங்கிவிடும்," என்றான் எறிக்.

வெயில் வந்தது. தரை இறங்கவில்லை. மண் காய்ந்து சுருங்க, தாழ்ந்த மூலை இன்னும் தாழ்ந்தது. சமையலறைச் சுவரிலும் வெடிப்பு விழுந்தது. வரதராஜா பில்டருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். எறிக் தன் மனைவி கத்தரினிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள், "வாயைத் திறந்தால் உங்கட லைசன்ஸ் போகும். எங்கட பிள்ளையளையும் யோசியுங்கோ," என்றாள். அவளைக் குறைசொல்ல எறிக்குக்கு வாய் வரவில்லை. அவன் விரும்பியதையே அவள் சொன்னாள்.

மார்ச் மாதத்தில் பில்டர் அனுப்பிய எஞ்சினியர் வந்து பார்த்தார். அறிக்கை இரண்டு பக்கம். அத்திவாரத்தில் குறையில்லை, அதற்குப் படங்கள் சாட்சி. வீட்டுக்காரர் சுவரோரம் எலுமிச்சை நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றியதால் மண் ஊதியது. பிழை வீட்டுக்காரருடையது.

அன்று பின்னேரம் எறிக் வேறொரு வளவில் நின்றபோது வரதராஜாவிடமிருந்து வாட்ஸப்பில் அந்த அறிக்கையும் ஆறு படங்களும் வந்தன. கூடவே குரல்பதிவு ஒன்று.

"தம்பி, பார். நீ எவ்வளவு வடிவாச் செய்து தந்திருக்கிறாய். நான் உன்னிலயும் கொஞ்சம் சந்தேகப்பட்டிட்டன், மன்னிச்சுக்கொள். பிழை என்னிலதான். மரத்தைத் தறிச்சுப்போட்டன். பிள்ளையின்ர வீட்டை நானே பழுதாக்கிப்போட்டன் எண்டு நினைக்க..." பதிவு அதோடு நின்றது.

எறிக் அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை. வேலையை அப்படியே விட்டுவிட்டு வானை எடுத்தான்.

வரதராஜா தறித்த எலுமிச்சையின் கிளைகளைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார். எறிக் போனை நீட்டினான்.

"அண்ணை, இது உங்கட வளவு இல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"படத்தில பின்னால நிக்கிற வேலியைப் பாருங்கோ. அண்டைக்கு உங்கட வளவில வேலியே இல்லை. இது வேற இடம். உங்கட குழியளுக்குள்ள சேறு நிண்டது. தெரிஞ்சுகொண்டுதான் ஊத்தினனான். மரத்தில பிழையில்லை, உங்களிலயும் பிழையில்லை. நான் செய்தது."

வரதராஜா அடிப்பார் என்று எறிக் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சாக்கின் வாயை நிதானமாகக் கட்டினார். கட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்த முயன்றார். அது இறுகி, முழுக்கச் சாத்தாமல் நின்றது.

எறிக் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கட்டடத்துறை அதிகாரிகளுக்குக் கொடுத்தான். அதற்குள் பில்டர் கொம்பனியை மூடிவிட்டிருந்தான். வேறொரு பெயரில் வேறொரு கொம்பனி வேறொரு வெளியில் குழி துளைத்துக்கொண்டிருந்தது. படம் பார்த்து அனுமதி கொடுத்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். எறிக்கின் லைசன்ஸ் போனது. காப்புறுதிக் கொம்பனிக்காரர்கள் வந்து பார்த்து, விசாரணை முடிய ஒரு வருடத்துக்கு மேல் செல்லும், சிலாப்பை உடைக்கவேண்டி வரலாம், அதுவரை அந்த வீட்டில் ஆட்கள் இருப்பது பாதுகாப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உண்மை வெளியே வந்ததில் வரதராஜாவுக்குக் கிடைத்தது, தான் குற்றவாளி இல்லை என்ற ஒன்றுதான்.

அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டின் வாசலில் இரண்டு படி. குளியலறைக் கதவுக்குள் மிருணாளினியின் நாற்காலி நுழையாது.

சாமான் ஏற்றுகிற அன்று எறிக் கூப்பிடாமலே போனான். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அலுமாரியை, கட்டிலைத் தூக்கினான். மிருணாளினி காருக்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். அவன் கண்ணாடிப் பக்கம் வந்தபோது முகத்தைத் திருப்பவில்லை. பார்க்கவும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் கலா வெளியே வந்தாள். அவன் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, நான் திரும்பக் கட்டித் தாறன். எத்தனை வருசம் எண்டாலும்."

"என்னத்தைக் கட்டித் தரப்போறாய்?" கலாவின் குரல் உயரவில்லை. "இவளுக்குப் பதினாறு. இந்த வயசு திரும்பி வருமே?"

எறிக் கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான். கலா விடவில்லை.

"தெரியாத ஆள் எண்டால் நாங்கள் இன்னொரு ஆளைக் கூட்டிவந்து பாத்திருப்பம். நீ எங்கட ஆள் எண்டு விட்டம். அந்த நம்பிக்கையைத்தான் நீ சேத்தோட சேத்து மூடினனீ. பில்டர் களவன் எண்டு ஊருக்கே தெரியும் எறிக். ஆனா நீ ஊத்தமாட்டன் எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கு லொறி திரும்பிப் போயிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

அவள் காரின் கதவைத் திறந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எங்களைப்போல பிழை விடவேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லு. ஆர் கட்டினாலும், சொந்தக்காரன் கட்டினாலும், மூட முதல் இன்னொரு கண் பாக்கவேணும். உன்னைப்போல ஆக்களுக்கும் சொல்லு. மண்ணுக்குள்ள போற வேலையை ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு நினைக்கக்கூடாது. அதுக்கு மேலதான் ஒரு குடும்பம் படுத்து எழும்பப்போகுது. நம்பினவைக்குச் செய்யிற வேலையைத்தான் ஆகக் கவனமாச் செய்யவேணும்."

கார் போனது. எறிக் கேட்டைச் சாத்தினான். மழை மெல்லத் தூறத் தொடங்கியிருந்தது. இந்தத் தூற்றலும் அந்த மண்ணுக்குள்தான் இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். இனி அதைத் தடுக்க அவனால் ஒன்றும் ஏலாது என்பதும் தெரியும்.